ஒன்பதாவது மாடிக்கு ஒரு குரல்

"என் குரலத் திருப்பிக் குடுங்க" என்றாள் ஜெயக்கனி.

அதை மட்டும் கேட்கக் கூடாது என்று சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். கழிவறைச் சாவி கேட்கலாம். குடிக்கத் தண்ணீர் கேட்கலாம். சொந்தக் கல்யாணத்துக்கு அரை நாள் விடுப்புகூடக் கேட்கலாம். ஒப்படைத்த குரலை மட்டும் திருப்பிக் கேட்கக் கூடாது. குரல் செம்மை நிலையத்தின் சுவரில் இதைப் பலகையாகவே எழுதி மாட்டியிருந்தார்கள். அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுதான் ஜெயக்கனி கேட்டாள்.

கேட்டது அவள் வாய். சொற்களும் அவளுடையவை. வந்த குரல் மட்டும் ஐம்பத்தெட்டு வயது ஆணுடையது. கொஞ்சம் சளி கட்டியிருந்தது. அது நிலையம் கொடுத்த இரவல் குரல். சொந்தக் குரலை ஒப்படைத்திருக்கும் தொண்ணூறு நாளும் யாரும் ஊமையாகத் திரிய வேண்டாம் என்று நிலையத்துக்கு நல்ல மனசு. பெண்களுக்கான இரவல் குரல் தீர்ந்து போனதால் ஆண்கள் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அந்தக் குரலுக்கு நடுநடுவே தானாக இரண்டு வார்த்தை பேசும் கெட்ட பழக்கம் இருந்தது.

"யாரு கேக்கறது? நீங்களா, குரலா?" என்றார் கவுண்டரில் இருந்த ரகோத்தமன்.

"நான்தான்."

"குரலுக்குச் சம்மதமா?"

"எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல" என்றது குரல், அவள் வாய் வழியாகவே. பிறகு இருமியது.

ரகோத்தமன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு. ஐந்து மணிக்கு ஜெயக்கனியின் தொண்ணூறாவது நாள் முடிகிறது. முடிந்ததும் புதுக் குரலை வாயில் ஊற்றுவார்கள். பழைய குரலை வராந்தாவில் இருக்கும் குரோட்டன்ஸ் செடிகளுக்கு ஊற்றிவிடுவார்கள். இத்தனை வருடம் இப்படி ஊற்றி ஊற்றி, அந்தச் செடிகள் போகிறவர் வருகிறவர்களை எல்லாம் "சாப்பிட்டாச்சா" என்று கேட்கத் தொடங்கியிருந்தன.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஜெயக்கனிக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது. அங்கேதான் வினையே ஆரம்பித்தது.

நகரத்தில் பன்னிரண்டு மாடிக் கண்ணாடிக் கட்டிடம் ஒன்று. அதன் லிஃப்டுக்கு மேலே சின்ன அறை. மாடிக்கு ஓர் ஆள் வீதம் பன்னிரண்டு பேர் அதில் உட்கார்ந்து, லிஃப்ட் நிற்கும்போது மாடியின் எண்ணைச் சொல்வார்கள். ஒன்பதாவது மாடி சொன்ன அம்மாள் ஓய்வு பெற்றுவிட்டார். அதற்குப் பிறகு ஒன்பதாவது மாடிக்குப் போக வேண்டியவர்கள் எங்கே இறங்குவது என்று தெரியாமல் மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் லிஃப்டுக்குள்ளேயே குடித்தனம் வைத்துவிட்டதாகக் கேள்வி.

நேர்காணல் செய்தவர்கள் மூன்று பேர். ஜெயக்கனி எம்.எஸ்சி. வேதியியல், எண்பத்து நாலு சதவீதம். "வணக்கம்" என்றாள். மேசை மேல் இருந்த டம்ளர்களில் தண்ணீர் அலையடித்து, மெதுவாக அடங்கியது.

"மார்க் எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார் நடுவில் இருந்தவர். "குரல்தான் கொஞ்சம் வெயில்ல நின்ன மாதிரி இருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தக் குரல் வெயிலில் நின்றதுதான். தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்தில் அவள் அம்மா பத்திரகாளி உப்பு வாரும் இடத்துக்கும், தண்ணீர்க் குடம் இருக்கும் கொட்டகைக்கும் நடுவே எட்டுப் பாத்தி. வரப்பு ஒரு பாதம் அகலம். ஓடினால் வழுக்கும். அதனால் அங்கே யாரும் ஓட மாட்டார்கள், கூப்பிடுவார்கள். லீவு நாளெல்லாம் ஜெயக்கனி கொட்டகையடியில் நின்று கூப்பிட்டவள். அவள் "யம்மா" என்றால் எட்டாவது பாத்தியில் அம்மா நிமிர்வாள். ஒன்பதாவது பாத்தியில் நிற்பவர்கள் தங்களுக்கும் ஒரு மகள் இருக்கிறாளோ என்று ஒரு நிமிடம் யோசிப்பார்கள்.

இதையெல்லாம் நேர்காணலில் சொல்ல அவளுக்கு நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் கெட்ட வார்த்தையில்தான் சொல்லியிருப்பாள். விழுங்கிக்கொண்டாள். தொண்ணூறு நாள் குரல் செம்மைப் பயிற்சி, அதன் பிறகு பணி ஆணை என்று கடிதம் வந்தது.

"குரலை ஊற்றி வைக்க மூடி போட்ட பாத்திரம் ஒன்று கொண்டு வரவும்" என்று கடிதத்தின் அடியில் இருந்தது. அந்த வீட்டில் மூடி சரியாகப் பொருந்தும் பாத்திரம் ஒன்றே ஒன்றுதான். அம்மா அளத்துக்குக் கஞ்சி கொண்டு போகும் எவர்சில்வர் தூக்குவாளி. அம்மா அதைத் தேய்த்து, கவிழ்த்து, காயவைத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவள் ஐஸ்கிரீம் டப்பாவில் கஞ்சி கொண்டு போகிறாள்.

சேர்ந்த அன்று ஜெயக்கனி வாளிக்குள் குனிந்து ஒரு "ஆ" சொன்னாள். பயிற்சி தரும் கல்பகம் மேடம் மூடியைப் போட்டு அழுத்தினார். அவ்வளவுதான். வலிக்கவே இல்லை. கோபம் மட்டும் வந்தது. அதைக் காட்டக் குரல் இல்லை.

கல்பகம் மேடம் மிக மென்மையாகப் பேசுபவர். அவர் பேசினால் வார்த்தை வந்து சேர அரை நிமிடம் ஆகும். அவர் வகுப்பை முடித்துவிட்டுப் போன பிறகும் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்.

முதல் பயிற்சி வயிற்று மூச்சு. மல்லாந்து படுக்க வேண்டும். வயிற்றின் மேல் ஒரு புத்தகம். மூச்சை இழுத்தால் புத்தகம் உயர வேண்டும், விட்டால் தாழ வேண்டும். எல்லோருக்கும் ஒரு புத்தகம் வைத்த மேடம், ஜெயக்கனிக்கு மட்டும் பதினாலு வைத்தார்.

"எனக்கு மட்டும் ஏன் பதினாலு?"

"உங்க வீட்ல நீங்கதானே முதல் பட்டதாரி" என்றார் மேடம். அரை நிமிடம் கழித்து மீதியும் வந்தது. "இதுக்கு முன்னாடி யாரும் வயித்து மேல புத்தகம் வைக்கல. அவங்க பங்கையும் நீங்கதாம்மா தூக்கணும்."

தூக்கினாள். பதினாலு புத்தகமும் உயர்ந்தன, தாழ்ந்தன. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் ஒற்றைப் புத்தகத்துக்கே மூச்சு வாங்கினார்கள். அதற்குப் பாராட்டு எதுவும் கிடைக்கவில்லை. மேலே ஒரு அட்லஸ்தான் கிடைத்தது.

இரண்டாவது பயிற்சி உதட்டை அதிரவிடுவது. உதடு இரண்டையும் தளர்த்தி, "ப்ர்ர்ர்" என்று காற்றை விட வேண்டும். முகுந்தன் என்று ஒரு வங்கி ஊழியர் அதை மிக நன்றாகச் செய்தார். மூன்றாவது வாரம் மொபெட் ஆகிவிட்டார். அவரை வாசலில் நிழல் பார்த்து நிறுத்திப் பூட்டினார்கள். அவர் மனைவி தினம் வந்து அவரைத் துடைத்துவிட்டு, அவர் மேலேயே ஏறிக் காய்கறி வாங்கப் போய் வந்தார். முன்னைக்கு இப்போது பரவாயில்லை என்று அந்த அம்மாள் சொன்னதாகப் பேச்சு.

மூன்றாவது, மூச்சை எண்ணுவது. நாலு எண்ணும் வரை இழுக்க வேண்டும். ஏழு எண்ணும் வரை பிடித்து வைக்க வேண்டும். எட்டு எண்ணும் வரை விட வேண்டும். எண்ணுவதற்கு என்று தனியாக ஓர் ஆள் உண்டு. ஒரு நாள் பிடித்து வைக்கும்போது ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் அவர் சாப்பிடப் போய்விட்டார். அன்று வெண்டைக்காய் மோர்க்குழம்பு. இரண்டாம் முறை போட்டுக்கொண்டார். அவர் கை கழுவிவிட்டு வந்து "ஆறு" என்று சொல்லும் வரை வகுப்பு முழுவதும் கன்னம் உப்பி உட்கார்ந்திருந்தது.

இத்தனை பேர் மூச்சுப் பயிற்சி செய்து செய்து, கட்டிடமே அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. கட்டிடம் மூச்சை இழுக்கும்போது நடைபாதை நீளும். கதவுகள் தூரப் போகும். விடும்போது எல்லாம் கிட்டே வரும். விவரம் தெரிந்தவர்கள் அது மூச்சு விடும் நேரம் பார்த்து நடப்பார்கள். ஜெயக்கனிக்குப் பொறுமை கிடையாது. அவள் இழுக்கும்போதும் நடப்பாள். கழிவறைக்கு ஒரு முறை போய்வர இரண்டு மணி நேரம் ஆன நாட்கள் உண்டு.

மாலையில் உள்ளூர்க்காரர்களை வீட்டுக்கும், ஜெயக்கனி போன்ற வெளியூர்க்காரர்களை விடுதிக்கும் அனுப்புவார்கள். வாசலில் வாட்ச்மேன் தேவசகாயம் பெரிய நோட்டுடன் ஸ்டூலில் இருப்பார். எல்லோரும் வழக்கமாகச் சொல்வதையே அவரிடமும் சொல்வார்கள்.

"போயிட்டு வரேண்ணே."

அவர் அதை நேரத்தோடு எழுதிக்கொள்வார். வருகிறேன் என்று வாயால் சொல்லி அது எழுத்திலும் ஏறிவிட்டதால், மறுநாள் வந்தாக வேண்டும். வராமல் இருந்தவர்களை அவர்களுடைய இரவல் குரலே இழுத்து வந்துவிடும். தேவசகாயமும் ஒரு காலத்தில் மாணவர்தான். முதல் நாள் மாலை வாய் தவறிப் "போயிட்டு வரேன்" என்று சொன்னவர், மறுநாளும் சொன்னார். பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. நடுவில் யாரோ பரிதாபப்பட்டு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் ஜெயக்கனி பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது ஒன்றுதான். தினம் நாலேகால் மணிக்கு அம்மா போன் செய்வாள்.

"யம்மா" என்பாள் ஜெயக்கனி, ஐம்பத்தெட்டு வயது ஆண் குரலில்.

"எவம்ல அது?" என்பாள் அம்மா. "எம் புள்ள எங்க?" வைத்துவிடுவாள்.

எண்பத்தொன்பது நாள் இப்படியே போனது. நேற்று படுத்திருக்கும்போது ஜெயக்கனிக்கு ஒரு யோசனை வந்தது. இன்றைக்கு ஐந்து மணிக்கு மேல் குரல் செடிக்குப் போய்விடும். அதன் பிறகு எந்தக் குரலில் கூப்பிட்டாலும் அம்மா நிமிரப் போவதில்லை. குரோட்டன்ஸ் செடி கூப்பிட்டால்தான் நிமிர்வாள்.

அதனால்தான் கேட்கக் கூடாததைக் கேட்டாள்.

"முதல் மூச்சுச் சான்று இருக்கா?" என்றார் ரகோத்தமன்.

"அப்படின்னா?"

"நீங்க பொறந்து முதல் மூச்சு விட்டதுக்கு கிராம நிர்வாக அலுவலர் குடுக்கறது."

"முதல் பட்டதாரிச் சான்று இருக்கு."

"அது உங்க குடும்பம் முதல்ல மூச்சு விட்டதுக்கு. இது நீங்க விட்டதுக்கு. ரெண்டும் வேற வேற." அவர் படிவத்தைத் திருப்பினார். "சரி, போகட்டும். விண்ணப்பத்த உங்க சொந்தக் குரல்ல சொல்லுங்க."

"சொந்தக் குரல் உள்ள இருக்கு."

"அது வெளிய வந்ததும் சொல்லுங்க."

"அது வெளிய வர்றதுக்குத்தான் கேக்குறேன்."

"அதான் நானும் சொல்றேன். வந்ததும் கேளுங்க."

ஜெயக்கனி தன் வலது கையை கவுண்டர் மேல் வைத்தாள். எடுக்கவில்லை. பதினாலு புத்தகமும் ஒரு அட்லஸும் தூக்கிய வயிற்றிலிருந்து மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. ரகோத்தமன் அந்தக் கையைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார். தூக்குவாளியோடு வந்தார். உள்ளேயிருந்து, சங்கைக் காதில் வைத்தால் வருமே, அந்த மாதிரி ஓர் இரைச்சல் வந்தது.

அவர் வாளியைச் சுற்றித் திருப்பி, கழுத்தடியில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த எழுத்துக்களை வாசித்தார்.

"அன்பளிப்பு. மா. பொன்னுச்சாமி மற்றும் குடும்பத்தார். 11.9.1996." நிமிர்ந்தார். "நீங்க பொன்னுச்சாமியா?"

"இல்ல."

"குடும்பத்தாரா?"

"இல்லைங்க. அது எங்கம்மா கல்யாணத்துக்கு வந்த வாளி. குடுத்தவங்க பேரத்தான் பாத்திரத்துல வெட்டுவாங்க. ஊர் பழக்கம் உங்களுக்குத் தெரியாதா?"

"பழக்கம் தெரியும். விதியும் தெரியும். பேர் யாருதோ பாத்திரம் அவரோடது. பாத்திரம் யாருதோ குரல் அவரோடது." அவர் பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினார். "அதோ அந்தக் குடத்தப் பாருங்க. 'மாமா, அத்தை'ன்னு வெட்டியிருக்கு. குரல் வெச்சவர் மூணு வருஷமா மாமாவையும் அத்தையையும் தேடிட்டு இருக்கார். எந்த மாமான்னு அவருக்கே தெரியல. நீங்க பொன்னுச்சாமியக் கூட்டிட்டு வாங்க. ஒரு நிமிஷ வேலை."

பொன்னுச்சாமி யார் என்று ஜெயக்கனியின் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவர் மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று அம்மா வீட்டில் நினைத்தார்கள். பெண் வீட்டு ஆள் என்று அப்பா வீட்டில் நினைத்தார்கள். இரண்டு வீட்டாரும் பேசிப் பார்த்து, இரண்டு வீட்டு ஆளும் இல்லை என்று தெரிவதற்குள் ஜெயக்கனி பிறந்து பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

இதைச் சொல்ல வாயைத் திறந்தாள். இரவல் குரல் ஒத்துழைக்கவில்லை. அதற்குத் திடீரென்று விக்கல் எடுத்திருந்தது.

அப்போது போன் அடித்தது. நாலேகால்.

"ஸ்பீக்கர்ல போடுங்க" என்றார் ரகோத்தமன். "கவுண்டர் முன்னாடி பேசறது கவுண்டருக்கும் கேக்கணும்."

போட்டாள்.

"யம்மா, நான்தான்."

"இன்னைக்கும் நீருதானா?" என்றாள் அம்மா. "எம் புள்ள போனத் தூக்கி வச்சுக்கிட்டு மூணு மாசமா ஆட்டம் காட்டுதீரு. நாளைக்கு மொத பஸ்ஸுல வாரேன். உப்பு வாருத பலகையோட வாரேன். ஒம்ம பேரச் சொல்லும்."

"யம்மா, ஜெயக்கனி பேசுறேன்."

"பொம்பளப் பேரச் சொல்லி ஏமாத்தாதீரும். ஒம்ம பேரச் சொல்லும்."

ஜெயக்கனி வாயை மூடிக்கொண்டாள். குரல் மூடிக்கொள்ளவில்லை. அவள் உதட்டை உள்ளேயிருந்து தள்ளித் திறந்தது.

"பொன்னுச்சாமி" என்றது. "மா. பொன்னுச்சாமி, தாயி."

எதிர்ப்பக்கம் அம்மா ஐஸ்கிரீம் டப்பாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"எந்தப் பொன்னுச்சாமி? தூக்குவாளிப் பொன்னுச்சாமியா?"

"ஆமா."

"மற்றும் குடும்பத்தாரா?"

"குடும்பத்தார் வரல. நான் மட்டுந்தான்."

"கல்யாணம் முடிஞ்ச நாள்லருந்து ஒம்ம பேரப் பாத்துக்கிட்டுதான்யா கஞ்சி குடிக்கேன்" என்றாள் அம்மா. "நீரு யாரு வீட்டு ஆளு? அத மட்டும் சொல்லும்."

"யாரு வீட்டு ஆளும் இல்ல தாயி. நான் போவ வேண்டியது பக்கத்து மண்டபம். இலை போட்டு சாம்பாரும் ஊத்துன பொறவுதான் மாப்பிள்ள மொகத்தப் பாத்தேன். வேற மொகமா இருந்துச்சு. எலையில உக்காந்தவன் பாதியில எந்திரிச்சா நல்லாவா இருக்கும்? சாப்பிட்டேன். சாப்பிட்டுட்டு வெறுங்கையோட வரக்கூடாதுல்லா. வாளியக் குடுத்துட்டேன்."

"பக்கத்து மண்டபத்துக்காரவுகளுக்கு?"

"அந்தத் தெருப் பக்கமே போறதில்ல."

அம்மா அதை யோசித்துப் பார்த்தாள். நியாயமாகத்தான் பட்டது போல.

"சாம்பாரு எப்படி இருந்துச்சு?"

"உப்பு கொஞ்சம் தூக்கல்."

"எங்க அளத்து உப்பு" என்றாள் அம்மா. அதில் பெருமை தெரிந்தது. "சரி, எம் புள்ள எங்க?"

"இந்தா நிக்கா. வாய எனக்குக் குடுத்துட்டு சும்மா நிக்கா. ஊருல நான் பேசுறது எவனுக்கும் கேக்கலன்னு குரல மாத்த இங்க வந்தேன் தாயி. புதுக் குரலப் போட்டுக்கிட்டு நான் போயிட்டேன். பழைய குரலு இங்கனயே கெடக்கேன். அந்த வருசம் செடிக்கெல்லாம் நல்ல மழை. என்னிய ஊத்தத் தேவைப்படல."

"அவள ஒரு வார்த்த பேசச் சொல்லும்."

"வாளியத் தெறந்ததும் பேசுவா."

"வைக்கல. லைன்லயே இருக்கேன்."

ஜெயக்கனி போனைக் கவுண்டர் மேல் படுக்க வைத்தாள். ரகோத்தமன் படிவத்தை எடுத்தார். உரிமையாளர் நேரில் வந்துவிட்டபடியால் அவருக்கு வேறு வழியில்லை.

"கையெழுத்து" என்றார். ஜெயக்கனி பேனாவை எடுத்தாள்.

"கை யாரோடது?"

"என்னுது" என்றாள் ஜெயக்கனி.

"குரல் யாரோடது?"

"என்னுது" என்றது குரல்.

இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்தன. ரகோத்தமன் இரண்டு கட்டத்திலும் டிக் அடித்து, வாளியை முன்னால் நகர்த்தினார்.

கல்பகம் மேடம் அங்கே எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவர் சொன்ன வணக்கம் அவருக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. ஒரு கையில் அத்தர் பாட்டில் அளவுக்குச் சின்னக் குப்பி. இன்னொரு கையில் பணி ஆணை. ஒன்பதாவது மாடி, ஓய்வூதியத்துடன்.

"தொண்ணூறு நாள் கஷ்டப்பட்டிருக்கீங்க" என்றார். "ஒரே ஒரு சொட்டு நாக்குல விட்டுப் பாருங்க. பிடிக்கலன்னா கொப்பளிச்சிடலாம்."

ஜெயக்கனிக்கு ஆசை இல்லாமல் இல்லை. பணி ஆணையில் அவள் பெயரைப் பிழையில்லாமல் அச்சடித்திருந்தார்கள். அந்தத் தாளை அம்மா கண்ணாடி போட்டு மாட்டுவாள், ஆணி அடிக்க எதிர்வீட்டில் சுத்தியல் கேட்பாள், சுத்தியல் எதற்கென்று அந்த வீட்டில் கேட்கும்படி கேட்பாள். வாயைத் திறந்தாள். இரவல் குரல் கடைவாய் ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. மேடம் ஒரு சொட்டு விட்டார்.

"ஒன்பதாவது மாடி" என்றாள் ஜெயக்கனி.

மண்பானைத் தண்ணீர் போல இருந்தது அந்தக் குரல். நடைபாதையில் நின்றவர்கள் எல்லோரும் லிஃப்டைத் தேடி நடக்கத் தொடங்கினார்கள். நிலையத்துக்கு மாடியே கிடையாது. ரகோத்தமன்கூட எழுந்து, ஞாபகம் வந்து, உட்கார்ந்தார்.

ஜெயக்கனி போன் பக்கம் குனிந்தாள். யம்மா என்று சொல்லப் பார்த்தாள்.

"ஒன்பதாவது மாடி."

"இது யாரு புதுசா?" என்றாள் அம்மா. "பொன்னுச்சாமி அண்ணன் எங்க?"

தன் பெயரைச் சொல்லிப் பார்த்தாள். ஒன்பதாவது மாடி. அளத்தில் கற்ற கெட்ட வார்த்தைகளில் ஆகக் கெட்டதைத் தேர்ந்தெடுத்து, மேடத்தின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அதுவும் ஒன்பதாவது மாடி என்றே வந்தது, இனிமையாக.

"ஒரு பிழை இல்லாம வருது பாருங்க" என்றார் மேடம்.

"ஒன்பதாவது மாடி?" என்றாள் ஜெயக்கனி. இதைத் தவிர வேறு எதுவும் வராதா என்று கேட்டாள்.

மேடத்துக்குப் புரிந்துவிட்டது. "வேற எதுக்கும்மா? வேலைக்கு இது போதுமே."

வராந்தா ஓரத்தில் குரோட்டன்ஸுக்கு வைத்திருந்த செம்பை எடுத்து ஜெயக்கனி வாய் கொப்பளித்தாள். முதல் தொட்டியில் துப்பினாள். வாளியின் மூடி இறுகியிருந்தது. எவர்சில்வர் பாத்திரத்தை எப்படித் திறக்க வேண்டுமோ அப்படி, கவுண்டரின் விளிம்பில் சுற்றிச் சுற்றித் தட்டினாள். திறந்தது. உள்விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

"நான் எறங்கணுமா?" என்றது கடைவாயில் இருந்த குரல்.

"கொஞ்ச நேரம் மூடியில இருங்க" என்று அதைக் கொண்டே அதற்குச் சொல்லி, மூடியை உதட்டருகே பிடித்தாள். அது இருமிக்கொண்டே இறங்கியது. பிறகு வாளியைத் தூக்கி, அடுத்தவர் பாத்திரம் என்பதால் வாய் வைக்காமல், அண்ணாந்து மடமடவென்று குடித்தாள். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. மூடியில் இருந்ததை வாளிக்குள் சாய்த்து, மேலே மூடியை அழுத்தாமல் வைத்தாள்.

வயிற்றிலிருந்து மூச்சை எடுத்தாள்.

"யம்மா."

கட்டிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. அது அப்போது மூச்சை இழுத்துப் பிடித்திருந்தது. ஏழு எண்ணும் வரை பிடிக்க வேண்டியதை மூன்றிலேயே விட்டுவிட்டது. நடைபாதை சுருங்கி ஒரு பாய் நீளத்துக்கு வந்தது. வாசல் கவுண்டருக்குப் பக்கத்தில் வந்து நின்றது, தேவசகாயத்தின் ஸ்டூலோடு. வெளியே மொபெட் தானாக ஸ்டார்ட் ஆனது.

போனுக்குள் அம்மா நிமிர்ந்தது தெரிந்தது. முதுகெலும்பு நெட்டி முறியும் சத்தம் வந்தது.

"ஏட்டி" என்றாள் அம்மா. "மெதுவாப் பேசு. காதுக்குள்ளதான இருக்கேன்."

"சரிம்மா."

"சாப்ட்டியா?"

"வெளிய வந்து பேசுறேன்." போனை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள்.

"நிலையத்தோட குரல வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றார் ரகோத்தமன்.

"பேர் யாருதோ பாத்திரம் அவரோடது. பாத்திரம் யாருதோ குரல் அவரோடது. நீங்கதான சொன்னீங்க."

ரகோத்தமன் வாளியில் இருந்த பெயரைப் பார்த்தார். விதியைப் பார்த்தார். "சரிதான்" என்று முத்திரை குத்தினார்.

கல்பகம் மேடம் பணி ஆணையை இன்னும் நீட்டியபடியே இருந்தார். "அப்போ ஒன்பதாவது மாடிக்கு என்னம்மா பண்றது? லிஃப்ட்ல ஜனங்க தவிக்கிறாங்க."

"செவுத்துல ஒன்பதுன்னு எழுதி ஒட்டுங்க" என்றாள் ஜெயக்கனி.

மேடம் பதில் சொன்னார். அது வந்து சேருவதற்குள் ஜெயக்கனி வாசலில் இருந்தாள்.

தேவசகாயம் நோட்டைத் திறந்து பேனாவை உதறினார். "சொல்லிட்டுப் போம்மா."

"போறேன்."

அவர் பேனா நின்றது. "அப்படிச் சொல்லக் கூடாதும்மா. போயிட்டு வரேன்னு சொல்லு."

"போறேன்."

"வெறும் போறேன எழுத இதுல இடமே இல்லையே."

"அப்ப எழுதாதீங்க."

தேவசகாயம் நோட்டின் பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தொன்பது வருடம். ஒரு பக்கத்திலும் அப்படி ஒன்று இல்லை. அவர் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. "போ" வரை வந்துவிட்டு, திரும்பப் போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

"ஒன்பதாவது மாடி" என்றது முதல் தொட்டியில் இருந்த குரோட்டன்ஸ், இனிமையாக. அடுத்த தொட்டி சாப்பிட்டாச்சா என்று கேட்டது. இல்லை என்றாள். இலைகள் எல்லாம் ஒரு முறை பின்பக்கம் சாய்ந்து நிமிர்ந்தன.

அவள் படியிறங்கித் தெருவுக்கு வந்தாள்.

"வலது பக்கம் திரும்பு" என்றது வாளிக்குள்ளிருந்து பொன்னுச்சாமியின் குரல். "எனக்கு இந்த ஊரு நல்லாத் தெரியும். பஸ் ஸ்டாண்டு அங்கனதான்."

வழி தவறி வேறு கல்யாணத்துக்குப் போன ஆள். ஜெயக்கனி இடது பக்கம் திரும்பினாள்.